எத்தனை அடி தள்ளி நிற்பது: மதுரையில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: செல்லூர்

பாண்டியன் விரைவு ரயில் பொழுது புலர்வதற்கு முன்பே மதுரைச் சந்திப்பில் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே சுக்கும் கருப்பட்டியும் மணக்கப் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு குவளை வாங்கிக் குடித்த பிறகுதான் ஆட்டோ பிடித்தேன். ஆடிக் காற்று அந்த நேரத்திலேயே புழுதியைக் கிளப்பத் தொடங்கியிருந்தது.

இந்தப் பயணத்துக்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற மார்கழியில் சென்னையில் என் ஓவியங்களின் தனிக்காட்சி நடக்கவிருக்கிறது. அதற்கான கையேட்டில் அரைப் பக்கம் ஒதுக்கி, என் மீது யாருடைய தாக்கம் உண்டு, என் கலைப் பின்னணி என்ன, ஓவிய அறைக்கு வெளியே என் வாழ்க்கை எப்படி என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஒரே மூச்சில் எழுதினேன். கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை, சந்தானராஜின் கோடு, ஆதிமூலம் கறுப்பு மசியில் வரைந்த காந்தி, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தில் நான் படித்த ஆண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் மறுநாள் எடுத்து வாசித்தபோது, என்னோடு படித்த யாருடைய பெயரை மேலே போட்டாலும் அந்த அரைப் பக்கம் பொருந்திவிடும் என்று தெரிந்தது. கல்லூரியில் சேரும்போதே எனக்குக் கோடு இழுக்கத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அவர் என் பெரியப்பா. வயது 76. பதினான்கு வயதில் சினிமாத் தட்டி எழுதும் பட்டறை ஒன்றில் தூரிகை கழுவும் பையனாகச் சேர்ந்து, பிறகு முகம் எழுதுபவராக உயர்ந்து, நாற்பது ஆண்டுகள் மதுரைத் தெருக்களில் நடிகர்களையும் தலைவர்களையும் இருபதடி உயரத்துக்கு நிறுத்தியவர். செல்லூரில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், மாடியில் புறாக்கூண்டு உள்ள வீட்டில் பெரியம்மாவோடு இருக்கிறார். நான் படியேறியபோது கையில் கம்பு தானியத்தோடு நின்றிருந்தவர், "வா தாயி, சாப்புட்டுட்டுப் பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் வானத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். பறக்கவிட்ட புறாக்களில் ஒன்று இன்னும் இறங்கவில்லை.

மதியம் பழைய பெட்டியைத் திறந்தோம். தேய்ந்த தட்டைத் தூரிகைகள், மரச்சட்டத்தில் கட்டிய கிழிசல் துணி, நீலம் ஏறிய ஒரு நூல்கண்டு. அந்த நூல்கண்டைத்தான் நான் தேடி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். தட்டி எழுதுவதற்கு முதலில் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பசையும் வெள்ளையும் கலந்து பூசிக் காயவைப்பார்கள். பிறகு நிழற்படத்தின் மேல் அரை அங்குலக் கட்டங்களைக் கோடிடுவார்கள். அதே எண்ணிக்கையில் துணியில் ஓரடிக் கட்டங்கள் விழ வேண்டும். நூலை நீலப்பொடியில் புரட்டி, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை இன்னொருவரும் இழுத்துப் பிடித்துக்கொள்ள, நடுவில் இரண்டு விரலால் தூக்கிச் சுண்டிவிட்டால் துணியின் மேல் முடி பிசகாத நேர்கோடு ஒன்று படியும். இப்படித்தான் பத்து அங்குலப் படம் இருபதடி ஆனது. எட்டு வயதில் அந்த நூலின் மறுமுனையைப் பிடித்தவள் நான். சுண்டும்போது விரல் நுனியில் வரும் அதிர்வு இன்றும் கையில் இருக்கிறது.

கட்டம் போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். முகம் எழுதுவதுதான் கடினம். முகம் மட்டுமே ஆறடி இருக்கும்போது, சாரத்தில் நிற்பவரின் கண்ணெதிரே இருப்பது ஒரு நாசித் துவாரமும் கன்னத்தின் ஒரு பகுதியும்தான். மொத்த முகத்தை அவர் பார்க்கவே முடியாது. நான் நூல் பிடித்த அந்த நாட்களில் ஒருமுறை பெரியப்பா நடிகை ஒருவரின் மூக்கோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கிளிப்பச்சையைப் பூசிக்கொண்டிருந்தார். மனித முகத்தில் எப்படிப் பச்சை வரும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், எதிர்ப்பக்கம் உள்ள கடைவாசலில் போய் நின்று பார்க்கச் சொன்னார். சாலையைக் கடந்து திரும்பிப் பார்த்தேன். பச்சையைக் காணவில்லை. அங்கே ஒரு நிழல் இருந்தது. அந்த நிழலால் மூக்கு எழுந்து நின்றது. கல்லூரியில் நிறங்களின் எதிர்மறைத் தன்மை பற்றிப் பின்னாளில் பாடம் எடுத்தபோது எனக்கு அது புதிதாகவே இல்லை.

1952-இல் திறக்கப்பட்டு 2,563 இருக்கைகளோடு ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கிய தங்கம் திரையரங்கின் முகப்புக்கும் பெரியப்பா வேலை செய்திருக்கிறார். அந்த அரங்கம் இப்போது இல்லை. தட்டி எழுதும் தொழிலும் இல்லை. 2000-க்குப் பிறகு வந்த ஃபிளெக்ஸ் அச்சு, பத்துப் பேர் நான்கு நாட்கள் செய்த வேலையை ஓர் இரவில் முடித்துக் கொடுத்தது. கடைசியாக எழுதிய பெரிய தட்டிக்கு ஒப்பந்தக்காரர் பாதிக் கூலிதான் கொடுத்தார் என்பதைப் பெரியம்மா இன்றும் வருத்தத்தோடு சொல்கிறார். பெரியப்பா அதைக் காதில் வாங்காதவர்போல இருந்தார். மாலையில் அந்த ஒற்றைப் புறாவும் இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள்: கோயிலுக்குள்

காலை ஆறரை மணிக்கே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டோம். 2018-இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிய பிறகு கைப்பேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. வெளியே ஒப்படைத்துவிட்டு, ஒரு பென்சிலும் சின்ன நோட்டும் மட்டும் எடுத்துக்கொண்டேன். பெரியப்பாவின் சட்டைப்பையில் அவருடைய வட்டக் கைக்கண்ணாடி இருந்தது. தட்டி எழுதிய காலத்தில், வரைந்த முகத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்ப்பார். இடவலம் மாறித் தெரியும்போது, பழகிய கண் மறைத்துவைத்த கோணல் உடனே வெளிப்பட்டுவிடும். நானும் சென்னையில் இதைச் செய்கிறேன். யாரிடம் கற்றேன் என்று இதுவரை யோசித்ததில்லை.

பொற்றாமரைக் குளத்தின் மேற்கே ஊஞ்சல் மண்டபத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு வேறொரு வேலை கிடைத்தது. விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் எழுதப்பட்டிருக்கிறது. அதனருகே ராணி மங்கம்மாளும் அவருடைய பேரன் விஜயரங்க சொக்கநாதரும் இருக்கிறார்கள். மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை அந்தப் பேரனுக்காக ஆட்சி செய்தவர். தலையை அண்ணாந்து எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? இரண்டு நிமிடத்தில் பிடரி வலிக்கும். பெரியப்பா கண்ணாடியை மார்புக்கு நேரே மல்லாத்திப் பிடித்தார். விதானம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. குனிந்து பார்க்கிற பார்வையில், கீழிருந்து பார்க்கும்போது வெறும் சிவப்புப் பரப்பாகத் தெரிந்தது உருவங்களாகப் பிரிந்தது. செங்காவிப் பின்புலம், மஞ்சள் கலந்த மேனி, எல்லாவற்றையும் கட்டிப்போடும் கரிய புறக்கோடு.

அந்தப் புறக்கோட்டைப் பற்றி இன்று நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நாயக்கர் காலத்துச் சுவரோவியர்கள் சுண்ணச் சாந்து காய்ந்த பிறகு அதன் மேல் எழுதினார்கள். கையிலிருந்த நிறங்கள் சில: காவி, மஞ்சட்கல், சுண்ணாம்பு வெள்ளை, விளக்குக் கரி, கொஞ்சம் பச்சையும் நீலமும். மண்டபத்துக்குள் வெளிச்சம் எப்போதும் குறைவு. பார்ப்பவர் பதினைந்தடிக்குக் கீழே, கூட்டத்தால் தள்ளப்பட்டு நகர்ந்துகொண்டே இருப்பார். இந்த நிலையில் மென்மையான நிழல் தீட்டி என்ன பயன்? கரிய கோடு இல்லாவிட்டால் உருவம் பின்புலத்தில் கரைந்துவிடும். அவர்களுக்கு நுட்பம் தெரியாமல் அப்படிச் செய்துவிட்டார்கள் என்று எழுதுபவர்களின் கருத்தை நான் ஏற்பதில்லை. எங்கே நின்று பார்ப்பார்கள் என்பதை அறிந்து எழுதியவர்கள் அவர்கள்.

தெற்கு வாசல் வழியாக வெளியே வந்து கோபுரத்தைப் பார்த்தோம். 1559-இல் சிராமலை செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது. உயரம் ஏறத்தாழ 170 அடி. ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட சுதை உருவங்கள் அதில் இருக்கின்றன. மேல் நிலைகளில் உள்ள முகங்களின் கண்கள் உருண்டு பிதுங்கி இருப்பதைச் சுட்டிக்காட்டி, அருகில் போனால் பயமாக இருக்கும் என்றார் பெரியப்பா. குடமுழுக்குக்காகச் சாரம் கட்டியிருந்த சமயத்தில் தெரிந்தவர்களோடு மேலே ஏறிப் பார்த்திருக்கிறாராம். கீழே சித்திரை வீதியிலிருந்து பார்க்கும்போது அந்தக் கண்கள் சாதாரணமாக விழித்திருக்கின்றன.

திருமலை நாயக்கர் மகாலுக்கும் போனோம். பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் அதிகம், வெயிலும் அதிகம். 1792-இல் தாமஸ் டேனியல் தன் உறவினர் வில்லியத்தோடு மதுரைக்கு வந்து இந்தக் கட்டடங்களை வரைந்திருக்கிறார். 1858-இல் லின்னேயஸ் டிரைப் நிழற்படம் எடுத்திருக்கிறார். இருவருக்கும் ஆளற்ற மகால் கிடைத்தது. எங்களுக்கு ஒரு தூணின் நிழல்தான் கிடைத்தது. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் நாள்: அழகர்கோவிலும் கருங்காலக்குடியும்

மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய 21 கிலோமீட்டர். பெரியம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றோடு வாடகைக் காரில் கிளம்பினோம். பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய கதவுக்கு முன் பெரியப்பா நெடுநேரம் நின்றார். அங்கே வணங்குவதற்கு உருவம் கிடையாது. கதவைத்தான் கும்பிடுகிறார்கள். ஓவியம் எழுதியே வாழ்ந்த ஒருவர் உருவமே இல்லாத அந்தக் கதவுக்கு முன் கண்மூடி நின்ற காட்சியை நோட்டில் நான்கு கோடுகளில் பிடிக்கப் பார்த்தேன். தோள் மட்டும் சரியாக வந்தது.

வசந்த மண்டபத்து விதானத்தில் இராமாயணம் எழுதப்பட்டிருக்கிறது. நாயக்கர் காலத்து வேலை. கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். பல இடங்களில் சாந்து உதிர்ந்து வெண்திட்டுகள் விழுந்திருந்தாலும், தசரதனின் மகப்பேற்று வேள்வியையும் அதைச் சூழ்ந்திருக்கும் முனிவர்களின் சடைமுடிகளையும் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. பெரியப்பா கண்ணாடியை மல்லாத்திப் பிடித்து நடந்துகொண்டே, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் எழுத்துகளை விடாமல் வாசிக்க முயன்றார். எழுத்து முதலில் போட்டார்களா, படம் முதலில் போட்டார்களா என்று கேட்டார். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. தட்டிப் பட்டறையில் முகம் எழுதுபவர் ஒருவர், எழுத்து எழுதுபவர் இன்னொருவர் என்று பிரிவு இருந்தது. எழுத்துக்காரருக்கு விட்டுவைக்க வேண்டிய இடத்தை முகக்காரர் தின்றுவிட்டால் பட்டறையில் சண்டை வரும். விதானத்தில் சில இடங்களில் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு வரிக்குள் அடங்குவதைக் காட்டி, இங்கேயும் அந்தச் சண்டை நடந்திருக்கும் என்றார். எந்த ஆய்வேட்டிலும் படிக்காத ஒரு வாசிப்பு இது. எனக்கு இது சரியென்றே படுகிறது.

மதிய உணவுக்குப் பிறகு மேலூர் வழியாகக் கருங்காலக்குடிக்குப் போனோம். பஞ்சபாண்டவர் குன்று என்று ஊரார் அழைக்கும் பாறையில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. வேறொரு பக்கம், பாறையின் வயிற்றுப் பகுதியில், வெள்ளை நிறத்தில் தொல்பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. பெரியப்பாவுக்கு முட்டிவலி. கீழே புளியமர நிழலில் ஆடு மேய்ப்பவர் ஒருவரோடு உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் ஏறினேன்.

பாறை அனலாகக் கொதித்தது. நிழலுக்குள் குனிந்து நுழைந்ததும் முதலில் எதுவுமே தெரியவில்லை. கண் பழகிய பிறகு வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. விரல் தடிமன் உள்ள கோடுகள். மனித உடலுக்கு ஒரு கோடு, கைகளுக்கு இரண்டு, கால்களுக்கு இரண்டு. மூக்கும் கண்ணும் இல்லை. முழங்கையளவுத் தொலைவில் என் முகம் இருந்தது. இதற்குக் கட்டம் தேவையில்லை, சாரம் தேவையில்லை, சாலையைக் கடந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வரைந்தவரின் கை எட்டும் தூரமும் பார்ப்பவரின் கண் நிற்கும் தூரமும் இங்கே ஒன்றுதான். பின்னால் நகர முயன்றால் பாறைச் சரிவு அனுமதிக்காது. வரைந்தவர் எந்த அடையாளமும் விட்டுச் செல்லவில்லை. பல ஆயிரம் மழைக்குத் தப்பி அவருடைய விரலசைவு மட்டும் அங்கே இருக்கிறது. கையை நீட்டினேன். தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது சித்தன்னவாசல் நினைவுக்கு வந்தது. மாணவியாக இருந்தபோது அங்கே உள்ள தாமரைக் குளத்து ஓவியத்தைப் படியெடுத்திருக்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்பவர் அந்தக் குடைவரையின் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்று அங்கேயே கல்வெட்டு சொல்கிறது. திருப்பணி செய்தவரின் பெயர் இருக்கிறது. குளத்தில் இறங்கித் தாமரை பறிக்கும் இளைஞனின் விரல்களை எழுதியவர் பெயர் இல்லை. தட்டிகளின் கீழ் மூலையில் பட்டறையின் பெயரை எழுதுவார்கள். முகம் எழுதிய பெரியப்பாவின் பெயர் ஒரு தட்டியிலும் வந்ததில்லை. காரில் வரும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "மூஞ்சியப் பாத்தாலே தொழில்காரனுக்குத் தெரியும் தாயி, யாரு எழுதுனதுன்னு" என்றார். ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் தூங்கிவிட்டார்.

நான்காம் நாள்: திருப்பரங்குன்றமும் விளாச்சேரியும்

திருப்பரங்குன்றத்தில் நான் பார்க்கப் போனது இப்போது அங்கே இல்லாத ஒன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில், முருகன் குன்றுக்கு மதுரையிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போகிறவர்களை நப்பண்ணனார் காட்டுகிறார். அங்கே ஓர் 'எழுத்துநிலை மண்டபம்' இருக்கிறது. சுவரோவியத்துக்கு முன் நின்று ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார்: இவள் இரதி, இவன் காமன், பூனையாக நிற்பவன் இந்திரன், இவள் அகலிகை, கோபத்தோடு வருபவன் கௌதமன், அவள் கல்லாகிறாள் பார். நேற்று வசந்த மண்டபத்தில் பெரியப்பாவும் நானும் பேசிக்கொண்டதும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்தது. ஓவியத்தைவிட, ஓவியத்துக்கு முன் நிற்பவர்களின் பேச்சைப் புலவர் பதிவு செய்திருக்கிறார் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது. குன்றின் அடிவாரத்தில் நின்று அந்த மண்டபம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று சிறிது நேரம் கற்பனை செய்துவிட்டு, குடைவரையில் முருகனை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம்.

இதே மதுரையைப் பாடிய மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்கிறார். பார்ப்பவருடைய கண்ணிடத்தே தங்கள் தொழிலை நிறுத்துபவர்கள் என்று நச்சினார்க்கினியர் அதற்கு உரை சொல்கிறார். விளாச்சேரிக்குப் போகும் வழியில் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

விளாச்சேரியில் வேளார் குடும்பங்கள் தலைமுறைகளாக மண் உருவங்கள் செய்கின்றன. ஐயனாருக்குப் புரவி எடுப்புக்கான குதிரைகள், நவராத்திரிக் கொலுப் பொம்மைகள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் என்று அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற வேலை. கொலுவுக்கு இன்னும் இரண்டு மாதமே இருப்பதால் தெருவெல்லாம் வெள்ளைப் பூச்சு காயும் பொம்மைகள். ஒரு திண்ணையில் ஐம்பது வயதுள்ள அம்மா ஒருவர் வரிசையாக நிறுத்திய பன்னிரண்டு மீனாட்சிகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு அருகில் உட்கார்ந்தோம்.

மேனிக்குப் பச்சை, சேலைக்குச் சிவப்பு, கிளிக்கு வேறொரு பச்சை எல்லாம் பூசி முடிந்திருந்தது. கண் மட்டும் பாக்கி. பொம்மையின் கழுத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையின் சுண்டுவிரலைப் பொம்மையின் தாடையில் ஊன்றினார். தூரிகையில் மயிர் நாலைந்துதான் இருக்கும். கறுப்பைத் தொட்டு, டம்ளர் விளிம்பில் ஒருமுறை வழித்து, மூச்சை நிறுத்தினார். மேலிமைக்கு ஒரு வீச்சு. மூக்குப் பக்கம் தொடங்கிக் காதுப் பக்கம் மெலிந்து முடிந்தது. கீழிமைக்கு இன்னொன்று. பொம்மையைத் திருப்பி அடுத்த கண்ணுக்கும் அதே இரண்டு. கடைசியில் நடுவே ஒரு பொட்டு வைத்ததும் மூச்சை விட்டார். மண் பார்க்கத் தொடங்கியது. அடுத்த மீனாட்சியை எடுத்தார். மணிக்கணக்கில் இப்படியே செய்கிறார். நடுவில் பேரன் வந்து காசு கேட்டால் கொடுத்து அனுப்புகிறார், அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து ஓடுகிறார்.

பெரியப்பா அவரிடம், பொட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார். கொலுவில் கீழ்ப்படியில் வைத்தால் நேரே பார்க்க வேண்டும், மேல்படியில் வைத்தால் பொம்மை கீழே பார்க்க வேண்டும், இவை கீழ்ப்படிக்கான சிறிய அளவு, குழந்தைகள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அந்த அம்மா விளக்கினார். அதன்பின் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். எந்தக் கடை கறுப்பு நல்ல கறுப்பு, மழைநாளில் பூச்சு ஏன் பால்போல வெளுக்கிறது, கண் கெட்டால் மொத்த பொம்மையும் கெட்டது என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். என் மாநகரத்துக் கண்காட்சிகளில் இவ்வளவு நேர்மையான தொழில் பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை.

இரவு மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது இன்னொரு மதுரைக்காரரைப் பற்றியும் நினைத்துக்கொள்கிறேன். மனோகர் தேவதாஸ் 1936-இல் இங்கே பிறந்தவர். சென்னையில் மின்கலன் நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே மசிப் பேனாவால் மதுரையை வரைந்தவர். விழித்திரை நோயால் அவருடைய பார்வை ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே வந்தது. 1972-இல் நடந்த சாலை விபத்தில் மனைவி மகிமா கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 2008-இல் அவர் மறையும்வரை தேவதாஸ் உடனிருந்து பார்த்துக்கொண்டார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 டிசம்பரில் காலமானார். தடித்த கண்ணாடியோடு தாளுக்கு மிக அருகே குனிந்து, ஒரு சமயத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் பார்த்து, கோபுரத்தின் முழு உயரத்தையும் அவர் எப்படிக் கட்டினார்? இருபதடித் தட்டியின் நாசித் துவாரத்துக்கு முன் நின்ற பெரியப்பாவும் அதைத்தான் செய்தார் என்று இன்று தோன்றுகிறது. ஓவிய அறைக்கு வெளியே உள்ள வாழ்க்கை என்று கையேட்டுக்காரர்கள் கேட்டதற்கு நான் இரண்டு வரி எழுதியிருந்தேன்: பள்ளியில் பாடம் எடுக்கிறேன், மகளை வளர்க்கிறேன். அதை இடைஞ்சலைச் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. திரும்பிப் போனதும் முதலில் அந்த இரண்டு வரிகளை மாற்ற வேண்டும்.

ஐந்தாம் நாள்: மறுபடியும் செல்லூர்

இன்று எங்கும் போவதாகத் திட்டம் இல்லை. இரவு ரயில். காலையில், சந்து முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் வந்து வண்டியின் பக்கப் பலகைக்குப் பெயர் எழுதித்தரச் சொன்னார். பழைய எழுத்தும் பெரியப்பா எழுதியதுதான். இருபது ஆண்டு வெயிலில் உரிந்துபோயிருந்தது. ஃபிளெக்ஸ் ஒட்டினால் கரி அடுப்பின் சூட்டில் சுருங்கிவிடுகிறது என்றார்.

பலகையைக் கழற்றித் தேய்த்து மஞ்சள் பூசிக் காயவைத்தோம். அந்த மஞ்சளில் ஒரு சொட்டுச் சிவப்பு விடாமல் பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் நூலை எடுத்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுமுனையை நான் பிடித்தேன். நீலக் கோடு விழுந்தது. அவருடைய கை இப்போது நடுங்குகிறது. தூரிகையைப் பலகையில் வைக்கும்வரை நடுங்குகிறது. வைத்த பிறகு நின்றுவிடுகிறது. சாய்த்துப் பிடித்த குச்சியின் மேல் மணிக்கட்டை ஊன்றி, 'இஸ்திரி' என்பதை இறக்கினார். வண்டிக்காரரின் மகள் பெயரை எழுத என்னிடம் தூரிகையைக் கொடுத்தார். பெயரில் ஒரு 'ழ' இருந்தது. அதன் வாலை நான் அழகாக மெலிதாக வளைத்தேன். கல்லூரியில் கற்ற வளைவு. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. மொனையில நின்னு பாரு" என்றார்.

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சந்தின் முனைவரை போய்த் திரும்பிப் பார்த்தேன். 'இஸ்திரி' தெளிவாக இருந்தது. என் 'ழ' தனியாகப் பார்த்தால் அழகு, பெயரோடு சேர்த்துப் பார்த்தால் 'மு' என்று படிக்கலாம். அங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன். பெரியப்பா தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார். வாலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, கீழே இறக்கி, மறுபடியும் என்னைப் பார்த்து, இப்போது தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.

"சந்துக்குள்ள வர்ற ஆளு படிக்கிறதுக்கு இது போதும். ரோட்டுல போறவன் படிக்க வேணாமா? இன்னும் பத்தடி தள்ளிப் போ தாயி."

சாலையைக் கடந்து எதிர்க்கடை வாசலுக்குப் போய் நின்றேன்.